நாலு மாசக் குழந்தைக்கு நெஞ்சுச் சளி: நெபுலைசரும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. குழந்தை மருத்துவர்கள் சொல்லுங்கள்

தஞ்சை_அம்மா | நவம்பர் 8, காலை 5.50

வணக்கம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால் விடிந்ததும் விடியாததுமாக எழுதுகிறேன்.

என் சின்னவனுக்கு நாலு மாசம் முடிந்து பத்து நாள். பெரியவள் எல்.கே.ஜி. போகிறாள். போன ஞாயிறு அவளுக்கு மூக்கு ஒழுகியது. செவ்வாய்க்கிழமை இவனுக்குத் தும்மல். வியாழன் ராத்திரி பால் குடிக்கும்போது நடுநடுவே வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினான். நெஞ்சில் கை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது மாதிரி கரகரவென்று இருந்தது. லேசாகக் காய்ச்சலும் இருந்தது.

நேற்று குழந்தை டாக்டரிடம் போனோம். சட்டையைக் கழற்றச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 46. பாதத்தில் கருவி மாட்டிப் பார்த்தார், ஆக்சிஜன் 96. "பிராங்கியோலைட்டிஸ். வைரஸால் வருவது, தானாக இறங்கும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால், பால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. நாளை மறுநாள் காட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான் சீட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு ஒரே கோபம். எதிர்வீட்டுக் குழந்தைக்கு இதே மாதிரி வந்தபோது வேறு இடத்தில் தினம் இரண்டு வேளை நெபுலைசர், ஒரு ஆன்டிபயாட்டிக், இரண்டு சிரப் கொடுத்தார்களாம். "பிள்ளை இழுத்துக்கிட்டுக் கிடக்கு, உப்புத் தண்ணிக்கா முந்நூறு ரூபாய்?" என்கிறார். எனக்கும் உள்ளே ஒரு பயம். டாக்டர் சரியாகத்தான் பார்த்தாரா? இங்கே டாக்டர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

---

வைகைக்கரை (குழந்தைநல மருத்துவர், அரசுப் பணி) | நவம்பர் 8, காலை 7.15

தங்கச்சி, முதலில் ஒன்று. ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிய டாக்டர் உங்கள் பிள்ளையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். என் மாணவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்னால் சட்டையைத் தூக்கு, வயிற்றைப் பார், எண்ணு.

பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலின் மிகச் சின்னக் குழல்களில் வரும் வீக்கம். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் காரணம். பெரியவளுக்கு மூக்கொழுகலாக வந்துபோனது, தம்பிக்கு ஏன் இவ்வளவு படுத்துகிறது? கணக்கு எளிது. நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழலில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் உள்ளே வழி இரண்டு மில்லிமீட்டராகக் குறைகிறது. காற்று போகும் தடை பதினாறு மடங்கு ஏறுகிறது. அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் எட்டு மில்லிமீட்டர் குழலில் வந்தால் தடை மூன்று மடங்குதான். கைக்குழந்தையின் குழல் சின்னது, அதற்குள் சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொள்கின்றன. அந்தக் கரகர சத்தம் அதுதான்.

நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால், குழலைச் சுற்றியுள்ள தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்தும். ஆஸ்துமாவில் நன்றாக வேலை செய்யும். இங்கே பிரச்சினை தசையில் இல்லை, வீக்கமும் அடைப்பும். அதனால் பயன் பெரிதாக இல்லை, நெஞ்சு படபடப்புதான் மிச்சம். ஸ்டீராய்டுக்கும் இதே கதை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு, வைரஸைத் தொடாது. 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2015-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் தந்த வழிகாட்டிகள் இதைத்தான் சொல்கின்றன. வேண்டியது மூச்சுக்கு ஆக்சிஜனும் வயிற்றுக்குப் பாலும். இரண்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்களுக்குத் தேவையானது. இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறும், அப்புறம் இறங்கும். உங்களுக்கு இன்று ஐந்தாவது நாள். அதனால்தான் அவர் "நாளை மறுநாள் காட்டுங்கள்" என்றிருக்கிறார். பிள்ளை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குள் என்றால் 60, இரண்டு மாசம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்காவிட்டாலோ, காலையிலிருந்து மத்தியானம் வரை மூத்திரம் போகாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நாளை மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108. சில குழந்தைகள், முக்கியமாகக் குறைமாசத்தில் பிறந்தவர்களும் இரண்டு மாசத்துக்கு உட்பட்டவர்களும், சத்தமே இல்லாமல் சில வினாடி மூச்சை நிறுத்திவிடுவார்கள். அதைக் கண்டால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள்.

---

தஞ்சை_அம்மா | நவம்பர் 8, காலை 8.05

ரொம்ப நன்றி டாக்டர். இப்போது எண்ணினேன், 48. விலாவில் குழி இல்லை. பால் முக்கால்வாசி குடிக்கிறான். இன்னொன்று கேட்க வேண்டும். அத்தை தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கலாம் என்கிறார். குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி காட்டுவதும் வீட்டில் வழக்கம். இரண்டும் செய்யலாமா?

---

கிராம_செவிலியர் | நவம்பர் 8, காலை 10.30

நான் இருபத்திரண்டு வருஷமாகத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். இதற்கு நான் சொல்கிறேன் தங்கச்சி.

கற்பூரம் வேண்டாம். தோல் வழியாகவும் கைவிரல் வழியாக வாய்க்கும் போகும். கைக்குழந்தைக்கு உள்ளே போனால் வலிப்பு வரலாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நேராக நுரையீரலுக்கு இறங்கி அங்கேயே தங்கி வேறொரு நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை, வீட்டில் யாராவது பிடிக்கிற பீடி சிகரெட் எல்லாமே அந்த வீங்கின குழலைத்தான் போய் உறுத்தும். ஆவி பிடிக்கவும் வேண்டாம், கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அத்தையை முறைத்துக்கொள்ளாதீர்கள். அவர் பயத்தில் ஏதாவது செய்யத் துடிக்கிறார். அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். நான் போகும் வீடுகளில் பாட்டிமாரிடம்தான் மூச்சு எண்ணும் பொறுப்பை ஒப்படைப்பேன். ஒரு வீட்டில் அந்தப் பாட்டிக்கு நிமிடக் கணக்கு வரவில்லை. பேத்தியின் செல்போனில் ஒரு நிமிட அலாரம் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டிலிருந்து மடிக்கு மாற்றினார். மறுநாள் காலை நான் போனபோது, "நேத்து சாயங்காலம் நாப்பத்தெட்டு, ராவு அம்பத்தாறு, வயிறு உள்ள போவுது, கெளம்பு" என்று பையோடு வாசலில் நின்றார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்தது அவரால்தான்.

மூக்குச் சொட்டைப் பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் விடுங்கள். கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் குடிக்க முடியாது. அந்த "உப்புத் தண்ணி" சும்மா எழுதியது இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

---

சிற்றூர்_கிளினிக் (தனியார், குழந்தைநலம்) | நவம்பர் 8, பிற்பகல் 2.40

வைகைக்கரை சார் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பல நாள் அதன்படி நடக்கவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் என் மாலை ஓ.பி. எழுபது, எண்பது பேர். முக்கால்வாசி இருமல், சளி, இழுப்பு. "மருந்து தேவையில்லை" என்று ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்லப் பத்து நிமிடம் வேண்டும். நெபுலைசரும் ஒரு சிரப்பும் எழுத அரை நிமிடம் போதும். வெளியே அறுபது பேர் நிற்கும்போது கை தானாக அரை நிமிடப் பக்கம் போகும். எழுதாமல் அனுப்பினால் அவர்கள் அடுத்த தெருவில் மருந்துக்கடையிலேயே சிரப் வாங்கிவிடுவார்கள். அது நான் எழுதுவதைவிட மோசமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

2025 அக்டோபருக்குப் பிறகு அந்தச் சமாதானம் செல்லவில்லை. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து வரிசையாக இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தப் பிள்ளைகளில் பலர் முதலில் டாக்டரிடம் போனது சாதாரணச் சளி இருமலுக்கு. நான் அன்று ராத்திரி என் பழைய சீட்டுப் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வயதுக்குக் கீழே எத்தனை பேருக்கு இருமல் மருந்து எழுதியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, முடிக்க முடியாமல் மூடி வைத்தேன். அந்த மாதமே மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயது வரைகூடப் பொதுவாக வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகள் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், காத்திருக்கும் இடத்திலேயே ஒரு செவிலியர் எல்லாக் குழந்தைக்கும் மூச்சை எண்ணி, ஆக்சிஜன் பார்த்துச் சீட்டின் மேல் எழுதிவிடுகிறார். பெற்றோரும் கூடவே எண்ணுகிறார்கள். உள்ளே வரும்போதே பாதி பேச்சு முடிந்திருக்கும். நோயாளிகள் கொஞ்சம் குறைந்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் எழுதுகிறேன். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

---

மலையடிவார_மருத்துவர் (ஆரம்ப சுகாதார நிலையம்) | நவம்பர் 8, மாலை 6.20

ஒரு மாற்றுக் கருத்து, வைகைக்கரை சார் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் வேண்டாம்" என்பது மறுநாள் திரும்பி வரக்கூடிய குழந்தைக்குச் சரி. என்னிடம் வருபவர்கள் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறார்கள். எக்ஸ்ரே இல்லை, பரிசோதனைக்கூடம் என்றால் ஹீமோகுளோபின் பார்க்கலாம். ஏழு மாசக் குழந்தை, மூச்சு 58, காய்ச்சல் 102, இழுப்புச் சத்தம் இல்லை. இது வைரஸா பாக்டீரியாவா என்று காதால் கேட்டு யாராலும் பிரிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையே வேக மூச்சுக்கு அமாக்சிசிலின் கொடுக்கச் சொல்கிறது. நான் கொடுக்கிறேன், கொடுப்பேன். தவறாகக் கொடுத்த பத்து அமாக்சிசிலினைவிடக் கொடுக்காமல் விட்ட ஒரு நிமோனியா என்னைத் தூங்கவிடாது.

---

வைகைக்கரை | நவம்பர் 8, இரவு 9.10

தவறாகவே எடுக்கவில்லை, நீங்கள் சொல்வது உங்கள் இடத்துக்குச் சரி. இழுப்புச் சத்தத்தோடு, மூக்கொழுகலில் தொடங்கிய, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றித்தான் நான் சொன்னேன். நீங்கள் விவரிக்கும் குழந்தைக்கு நானும் அமாக்சிசிலின் எழுதுவேன்.

என் வருத்தம் அமாக்சிசிலின் பற்றியும் இல்லை. இழுப்பு என்றாலே அசித்ரோமைசின், அடுத்து செஃபிக்சிம், அடுத்து ஊசி என்று ஏறிக்கொண்டே போய், ஏழாம் நாள் தானாகக் குறையும்போது கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் பெயர் கிடைக்கிறதே, அதைப் பற்றி. நிலைமையும் மாறியிருக்கிறது. ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்டில் சேர்ந்து 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது. 2021-ல் நிமோகாக்கல் தடுப்பூசியும் இங்கே இலவசமாக வந்தது. பாக்டீரியா நிமோனியாவுக்கு இரண்டு பெரிய வாசலை அடைத்துவிட்டோம். மிச்சம் வருவதில் வைரஸின் பங்கு கூடத்தான் செய்யும். 2019-ல் வெளியான பெர்ச் ஆய்வு, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏழு நாடுகளில் கடும் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. 61 சதவீதத்துக்கு வைரஸ்தான் காரணம், ஆர்.எஸ்.வி. மட்டுமே 31 சதவீதம்.

---

இரவுப்பணி (பட்டமேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு) | நவம்பர் 9, அதிகாலை 3.35

வார்டிலிருந்து எழுதுகிறேன். இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

சுமை என்று பேசும்போது எல்லோரும் சாவு எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். எங்கள் வார்டில் ஆர்.எஸ்.வி. மாதிரி வைரஸால் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துப் போகிறார்கள். ஆனால் அந்த நாலைந்து நாள் என்பது என்ன என்று சொல்கிறேன். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். குழந்தைக்குக் கட்டில், தாய்க்குத் தரை. ஐந்து மாசப் பெண் ஒருத்தி, நிமிடத்துக்கு 72 மூச்சு, தலை ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் ஆடுகிறது. வாய்வழிப் பால் கொடுத்தால் புரை ஏறும், அதனால் மூக்கு வழியாகச் சின்னக் குழாய் போட்டு இரண்டு மணிக்கு ஒரு தரம் பீய்ச்சிய பால். தாய் பால் பீய்ச்சக்கூட மறைவிடம் இல்லை, புடவையை விரித்துப் பக்கத்துப் படுக்கை அக்கா மறைத்து நிற்கிறார். அப்பா லாரி ஓட்டுகிறார், வண்டி இப்போது நாக்பூரில். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை அக்கம்பக்கத்தாரிடம். இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

அந்தப் பெண்ணுக்குச் சாதாரண ஆக்சிஜன் போதவில்லை. பபிள் சிபாப் போட்டோம். மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அவள் விடும் மூச்சு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே போக வேண்டும். அந்தச் சின்ன அழுத்தம் நுரையீரல் அறைகள் ஒட்டிப்போகாமல் பிடித்துக்கொள்ளும். வங்கதேச மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஷ்டியின் குழு டாக்காவில் இதை ஷாம்பு பாட்டில் வைத்தே செய்து காட்டியது. 2015-ல் வந்த அவர்கள் ஆய்வில் சாதாரணக் குறைந்த வேக ஆக்சிஜன் வாங்கிய குழந்தைகளில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், பபிள் சிபாப்பில் 4 சதவீதம். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கக் குமிழி வருகிறதா, மூக்கில் குழாய் நழுவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். எங்களுக்குப் பற்றாக்குறை அந்த ஆள்தான்.

இப்போது அவள் மூச்சு 58. தூங்குகிறாள்.

---

குட்டிமா_அப்பா | நவம்பர் 9, காலை 9.00

டாக்டர்களுக்கு வணக்கம். இது எந்த வைரஸ் என்று சோதித்துப் பார்த்துவிட்டால் நல்லதில்லையா? 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்று டி.வி. முழுக்க ஓடியதே, அதுவாக இருந்தால்?

---

எண்ணும்_வேலை (சமூக மருத்துவத் துறை) | நவம்பர் 9, காலை 11.45

உங்கள் குழந்தைக்குச் சிகிச்சை தர அந்தச் சோதனை தேவையில்லை சார். எந்த வைரஸ் என்று தெரிந்தாலும் ஆக்சிஜன், பால், கவனிப்புதான். பல கிருமிகளை ஒன்றாகப் பார்க்கும் பேனல் சோதனை ஆயிரக்கணக்கில் ஆகும், அந்தப் பணத்தை வைத்திருங்கள். எச்.எம்.பி.வி. புதிதும் இல்லை, 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்தது. அதற்கு முன்பும் நம் குழந்தைகளிடையே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் ஊருக்கு அந்தச் சோதனை தேவை. ஒவ்வொரு மருத்துவமனையும் "ஏ.ஆர்.ஐ." (மூச்சுத் தொற்று), "வீசிங்" (இழுப்பு), "நிமோனியா" என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டால், எந்தக் கிருமி எத்தனை குழந்தையைப் படுக்கையில் போட்டது என்பது கடைசிவரை தெரியாது. தெரியாததற்கு யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள். 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, 2019 என்ற ஒரே வருடத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஆர்.எஸ்.வி.யால் 3 கோடியே 30 லட்சம் முறை கீழ்ச்சுவாசத் தொற்று வந்தது. 36 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சுமார் 1,01,400 பேர் இறந்தார்கள். அதில் 45,700 பேர் ஆறு மாசம்கூட நிறையாதவர்கள். சாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்.

இப்போது ஏன் இது அவசரம் என்றால், தடுக்க வழி வந்துவிட்டது. அந்த வழிக்கு ஏறக்குறைய அறுபது வருடம் ஆனது. 1966-ல் அமெரிக்காவில் ஃபார்மலினில் கொன்ற வைரஸை வைத்து ஒரு தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். காப்பதற்குப் பதிலாக நோயை மோசமாக்கியது, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அடியில் துறையே பல காலம் பின்வாங்கியது. 1998-ல் பாலிவிசுமாப் என்ற, எதிர்ப்புப் புரதத்தை நேரடியாகத் தரும் மருந்து வந்தது, மாதா மாதம் ஊசி, குறைமாசக் குழந்தைகளுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் மட்டும், விலை எட்டாது. 2022, 2023-ல்தான் அதே வகையில், ஒரே ஊசியில் ஒரு பருவம் முழுக்கக் காக்கும் நிர்செவிமாப் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஸ்பெயினின் கலீசியாவில் 2023 செப்டம்பர் முதல் எல்லாக் கைக்குழந்தைக்கும் போட்டார்கள், ஊசி போட்ட குழந்தைகளிடையே ஆர்.எஸ்.வி. மருத்துவமனைச் சேர்க்கை சுமார் 82 சதவீதம் குறைந்தது. இன்னொரு வழி கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி. தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களைக் காக்கும். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது.

இரண்டும் நம் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. எந்த மாதத்தில் போட வேண்டும் என்பதற்கே நமக்கு நம் ஊர்க் கணக்கு வேண்டும். டில்லியில் குளிர்காலத்தைப் பார்த்து முடிவு செய்தால் நம் மழைக்காலக் குழந்தைக்கு ஊசி வந்து சேரும்போது பருவமே முடிந்திருக்கும். கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசியை அங்கன்வாடி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிய மாநிலம் இது. ஊசி கைக்கு வந்தால் போடும் கைகள் நம்மிடம் இருக்கின்றன. பதிவேட்டில் கிருமியின் பெயர் வர வேண்டும், அதைத்தான் நான் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

சிற்றூர்_கிளினிக் | நவம்பர் 9, பிற்பகல் 1.30

இப்போதைக்குக் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாசம் முடிந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி, முதல் வருடம் நாலு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. ஆர்.எஸ்.வி.யைத் தடுக்காது, ஆனால் அதே படுக்கையில் கொண்டுவந்து போடும் இன்னொரு வைரஸைத் தடுக்கும். இதுவும் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

---

தஞ்சை_அம்மா | நவம்பர் 9, இரவு 8.15

இன்று திரும்பப் போய்க் காட்டினோம். ஆக்சிஜன் 98. நேற்று சாயங்காலம் ஒரு தரம் 51 வந்தது, விலாவையே பார்த்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். குழி இல்லை, பால் குடிக்கிறான் என்றதும், அரை மணி கழித்துத் தூக்கத்தில் மறுபடி எண்ணச் சொன்னார். 47. இன்று 42. பால் முழுசாகக் குடிக்கிறான். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார்.

செவிலியர் அக்கா, அத்தையிடம் புளியங்கொட்டைக் கதையைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு விழித்துப் பார்த்தால் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சாம்பிராணிக் கரண்டி பூஜை அறைக்குப் போய்விட்டது.

இரவுப்பணி டாக்டர், அந்த ஐந்து மாசப் பாப்பா எப்படி இருக்கிறாள்?

---

இரவுப்பணி | நவம்பர் 11, அதிகாலை 4.50

சிபாப் எடுத்துவிட்டோம். மூக்குக் குழாயில் அரை லிட்டர் ஆக்சிஜன் மட்டும் போகிறது. நேற்று மத்தியானம் முதல் தடவையாகத் தாயிடம் பால் குடித்தாள். அப்பா நாக்பூரிலிருந்து வந்துவிட்டார்.

அவள் கட்டிலின் மறுபாதிக்கு நேற்று ராத்திரி மூன்று மாசப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். மூச்சு 66.